அப்பம்மாவுக்கு ஒரு தனித் தடம்



1990களின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்கு இது மறந்திருக்காது. மின்சாரம் இல்லை. பற்றரி கொண்டுவரத் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் வந்த மின்சாரத்தில்தான் ரேடியோவும் கசற்றும் கேட்டோம். சுற்றுகிறவரின் கை களைத்தால் பாட்டும் களைத்து இழுபடும். அப்படிப் பாட்டுக் கேட்ட எங்களுக்கு இன்று வீட்டிலேயே சிறிய ஒலிப்பதிவுக் கூடம் அமைக்க அதிக செலவில்லாத வழி இருக்கிறது. கடந்த குளிர்காலத்தில் த பேசினில் உள்ள எங்கள் வீட்டில் அதைச் செய்து பார்த்தோம். எது சரிவந்தது, எங்கே பிழைவிட்டோம் என்பதை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் ஏன் தொடங்கினோம் என்று சொல்லவேண்டும். என் அம்மாவுக்கு 82 வயது. எங்கள் ஊர்ப் பிள்ளையார் கோயிலில் திருவிழா முடிவில் பாடுகிற ஊஞ்சற் பாட்டு அவவுக்குப் பாடம். 1990 யூனில் வலிகாமம் வடக்கை விட்டு வெளிக்கிட்டபோது அந்தப் பாட்டைப் பதிந்த கசற் வீட்டு அலுமாரியிலேயே நின்றுவிட்டது. பிறகு வீடும் இல்லை, அலுமாரியும் இல்லை. சொற்கள் அச்சில் எங்கேயாவது கிடைக்கலாம். அந்த ஊர் மெட்டு, எனக்குத் தெரிந்தவரை, இப்போது அம்மாவின் தொண்டையில்தான் இருக்கிறது. மகள் வயலின் படிக்கிறாள், மகன் மிருதங்கம் படிக்கிறான். அப்பம்மா பாட இவர்கள் வாசித்து ஒன்றாகப் பதிந்தால் என்ன என்று தோன்றியது.

கைத்தொலைபேசியில் பதிந்தால் போதாதா என்று கேட்பீர்கள். நாங்களும் முதலில் அப்படித்தான் செய்தோம். மிருதங்கச் சத்தம் அம்மாவின் குரலை மூடிவிட்டது. எல்லாம் ஒரே பதிவில் கலந்துவிட்டால் பிறகு பிரிப்பது கடினம். பல்தட ஒலிப்பதிவில் ஒவ்வொருவருக்கும் தனித் தடம் உண்டு. ஒருவர் பிழைவிட்டால் அவர் மட்டும் திரும்ப வாசிக்கலாம். ஒரு குரலைக் கூட்டலாம், இன்னொன்றைக் குறைக்கலாம். எல்லாரும் ஒரே நாளில் ஒரே அறையில் இருக்கவேண்டும் என்பதும் இல்லை. உறவுகள் மெல்பேர்ண், ரொறன்ரோ, லண்டன் என்று சிதறிக் கிடக்கிற எங்களுக்கு இது எவ்வளவு பெரிய வசதி என்று யோசித்துப் பாருங்கள்.

ஒரு காலத்தில் இது பெரிய கலையகங்களுக்கு மட்டும் உரியது. 1979இல் ரஸ்காம் நிறுவனத்தின் போர்ட்டாஸ்டூடியோ வந்தபிறகுதான் சாதாரண கசற்றில் நான்கு தடங்களை வீட்டில் பதிய முடிந்தது. 1989இல் சென்னையில் தன் வீட்டோடு பஞ்சதன் கலையகத்தை அமைத்த ஏ. ஆர். ரகுமான், 1992இல் ‘ரோஜா’ படத்தின் மூலம் உலகறியப்பட்டார். எங்கள் கதைக்கு இன்னும் கிட்டவான ஒருவரும் இருக்கிறார். சிறுவயதில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, 1986இல் தாயோடும் உடன்பிறந்தவர்களோடும் லண்டனுக்கு அகதியாகப் போன மாயா அருள்பிரகாசம், அதாவது எம்.ஐ.ஏ. பழைய நான்கு தடக் கருவி ஒன்று, ரோலண்ட் எம்.சி. 505 என்ற தாளக் கருவி, ஒரு மைக். இவற்றை வைத்துத்தான் தன் முதல் ஆறு பாடல்களின் மாதிரிப் பதிவைச் செய்தார். 2005இல் வெளிவந்த ‘அருளர்’ இசைத்தொகுப்புக்கு அதுவே அத்திவாரம்.

இனி எங்கள் வீட்டுக்கு வருவோம். வாங்கியவை மூன்று: ஒரு டைனமிக் மைக், கணினியோடு யூ.எஸ்.பி. வழியாக இணைக்கும் ஒலி இடைமுகப் பெட்டி, காதை முழுதாக மூடுகிற ஹெட்போன். எல்லாம் பாவித்த பொருட்கள். கணினி வீட்டில் ஏற்கெனவே இருந்தது. கண்டென்சர் மைக் நுட்பமாகக் கேட்கும், ஆனால் அறையின் எதிரொலியையும் வெளிச் சத்தத்தையும் சேர்த்தே கேட்கும். டன்டினோங் மலையடிவாரத்தில் இருக்கிற எங்களுக்கு அது சரிவராது. காலையும் மாலையும் கொக்கட்டூ பறவைகளின் கூச்சல், சனி ஞாயிறில் மலை ஏறுகிற மோட்டார் சைக்கிள்கள். ஆகவே டைனமிக் மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் வைத்து, உடுப்பு அலுமாரியைத் திறந்துவிட்டு, சுவரில் இரண்டு தடித்த போர்வைகளைத் தொங்கவிட்டோம். எதிரொலி பெருமளவு குறைந்தது.

மென்பொருளில் மூன்றைப் பரீட்சித்தோம். முதலாவது ஒடாசிட்டி. 2000ஆம் ஆண்டு வெளிவந்தது, முற்றிலும் இலவசம். பழைய கசற்றைக் கணினிக்கு மாற்றவும் ஒரு குரலைப் பதிந்து வெட்டி ஒட்டவும் இதைவிட இலகுவானது எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு தடத்தைக் கேட்டுக்கொண்டு இன்னொன்றைப் பதியும்போது தாமதத் திருத்தத்தை நாமே அளந்து கொடுக்கவேண்டி இருந்தது. இரண்டாவது கராஜ்பான்ட். 2004இல் அப்பிள் நிறுவனம் வெளியிட்டது, மக் கணினிக்கும் ஐபோனுக்கும் இலவசம். பிள்ளைகளுக்கு நன்றாகப் பிடித்தது. ஆனால் திறந்தவுடன் நிமிடத்துக்கு 120 தட்டு என்ற தாளக் கணக்கோடு நிற்கும். முதல் வேலையாக அந்தத் தட்டை நிறுத்திவிடுங்கள். மூன்றாவது ரீப்பர். 60 நாட்கள் முழு வசதியோடு பரீட்சித்துப் பார்க்கலாம். அதன்பின் வீட்டுப் பாவனைக்கு 60 அமெரிக்க டொலர். விண்டோஸ், மக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். பழகச் சில நாள் எடுத்தது. கடைசியில் எங்கள் தெரிவு இதுவே. காரணத்தை எங்கள் பிழையிலிருந்து சொல்கிறேன்.

முதல் நாள் பதிந்தபோது அறையில் ஹீற்றர் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா நாலு பாட்டுப் பாடி முடித்து, கொஞ்சம் யோசித்து, ஐந்தாவதாக ஒன்றைப் பாடினா. அதை நான் அதற்குமுன் கேட்டதேயில்லை. அன்றிரவு ஹீற்றர் இரைச்சலை நீக்குகிறேன் என்று இரைச்சல் நீக்கியை உச்சத்துக்கு வைத்து அழுத்தி, மூலக் கோப்பின் மேலேயே சேமித்துவிட்டேன். இரைச்சல் போனது. அதோடு அம்மாவின் மூச்சும், கமகத்தின் மெல்லிய வளைவுகளும் போயின. தண்ணீருக்குள் நின்று பாடுவது போன்ற குரல்தான் மிஞ்சியது. மென்பொருளில் குற்றமில்லை, அவசரம் என்னுடையது. இரண்டு கிழமை கழித்துத் திரும்பப் பதிய இருந்தோம். ஐந்தாவது பாட்டு அம்மாவுக்கு நினைவுக்கு வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

ரீப்பர் நாம் பதிந்த மூலத்தைத் தொடுவதில்லை. இரைச்சல் நீக்கம், எதிரொலி என்று எதைப் போட்டாலும் அது மேலே போர்த்த போர்வை மாதிரி. வேண்டாமென்றால் எடுத்துவிடலாம். ஒடாசிட்டியிலும் 2022இல் வந்த 3.2 பதிப்பிலிருந்து இப்படிச் செய்யும் வசதி உண்டு. எதைப் பாவித்தாலும் மூலப் பதிவின் பிரதியை முதலில் வேறோர் இடத்தில் வையுங்கள்.

இரண்டாம் முறை ஹீற்றரை நிறுத்திவிட்டு, அம்மாவுக்குக் கம்பளி போர்த்தி இருத்தினோம். மகள் ஹெட்போனை மாட்டிவிட்டாள். அம்மா கழற்றிவிட்டா.

“உதைக் காதிலை மாட்டினால் என்ரை குரல் ஆரோ பாடுற மாதிரிக் கிடக்கு, பிள்ளை.”

“அப்ப தாளத்தை எப்படிக் கேட்பியள், அப்பம்மா?”

“நான் ஏன் கேட்கவேணும்? ஊஞ்சல் ஆடுற கணக்குக்குத்தானே பாடுறது.”

அதுதான் எங்களுக்குப் பாடமாயிற்று. நாங்கள் தாளத்தை முதலில் பதிந்து, அதற்குள் அம்மாவை அடக்கப் பார்த்தோம். அதை மாற்றினோம். அம்மா தனியே, தட்டும் ஹெட்போனும் இல்லாமல், தன் நிதானத்தில் பாடினா. அது முதலாம் தடம். பிள்ளைகள் அதை ஹெட்போனில் கேட்டு, அப்பம்மா நிறுத்துகிற இடத்தில் நிறுத்தி, இழுக்கிற இடத்தில் இழுத்து, தங்கள் தடங்களைப் பதிந்தார்கள். மகன் பதினொரு முறை வாசித்தான். பதினொரு முறை அப்பம்மாவைக் கவனமாகக் கேட்டான் என்றுதான் நான் அதைக் கணக்கெடுக்கிறேன்.

தொடங்க விரும்புபவர்களுக்குச் சில கணக்குகள். 24 பிட், 48,000 ஹேர்ட்ஸ் என்று தெரிவுசெய்யுங்கள். ஒரு தடம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 8.6 மெகாபைட் பிடிக்கும். ஐந்து நிமிடப் பாட்டு, ஆறு தடம் என்றால் 260 மெகாபைட் அளவில் முடியும். ஒலி மட்டம் உச்சத்திலும் மைனஸ் 12 டெசிபல் அளவில் நிற்கட்டும். குறைந்த ஒலியைப் பிறகு கூட்டலாம், உடைந்த ஒலியை ஒழுங்காகத் திருத்த முடியாது. வாசிப்பவருக்குத் தன் ஒலி பிந்திக் கேட்டால், மென்பொருளில் பஃபர் என்ற எண்ணைக் குறையுங்கள். 1024 என்றால் 21 மில்லிசெக்கன் தாமதம், ஏழு மீற்றர் தள்ளி நிற்பவரின் சத்தம் வருவது போல. 256 என்றால் ஐந்து மில்லிசெக்கன் அளவுதான். கணினி திக்கினால் கொஞ்சம் கூட்டுங்கள். முடிந்ததும் ஒவ்வொரு தடத்தையும் வேவ் கோப்பாக இரண்டு இடங்களில் சேமியுங்கள். ஒன்று வீட்டில், மற்றது வேறொரு வீட்டில். ஒரே அலுமாரியை நம்பியதன் பலன் எங்களுக்குத் தெரியும்.

நேயர்களே, கருவிகளின் விலை இறங்கிவிட்டது. மென்பொருள் நாளைக்கும் கிடைக்கும், இன்னும் நல்லதாகவும் கிடைக்கும். உங்கள் வீட்டு அம்மம்மா, அப்பப்பா, பெரியம்மா நாளைக்கும் இதே பாட்டை நினைவில் வைத்திருப்பார்களா என்பதுதான் கேள்வி. நல்ல மைக் வாங்கியபிறகு என்று காத்திருக்காதீர்கள். இந்தக் கிழமையே, கையிலிருக்கும் தொலைபேசியிலாவது, அவர்களை மட்டும் தனியாகப் பாடவைத்துப் பதிந்துவிடுங்கள். மற்றத் தடங்கள் ஆறுதலாக வரட்டும்.

எங்கள் பதிவில் ஐந்தாம் பாட்டு இல்லை. அந்த இடத்தை வெறுமையாகவே விட்டிருக்கிறோம். அம்மா சில வேளை குசினியில் எதையோ முணுமுணுக்கிறா. மைக் எப்போதும் தயாராக இருக்கிறது.