பதினைந்து வயதுக்கு ஒரு கதை



இந்த அறக்கட்டளை யாருடைய நினைவில் எழுந்ததோ, அந்த டீச்சரம்மாவின் வீட்டுக் கூடம் மிகச் சிறியது. புணே பக்கத்துக் கசார்வாடி ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரம். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பிள்ளைகள் பாயில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்து தமிழ் படிப்பார்கள். லோனாவளா லோக்கல் கடக்கும்போது பாடம் நிற்கும். வண்டி போனபின், விட்ட சொல்லிலிருந்து தொடரும். 2022 மார்ச் 6 அன்று அதே பக்கமாக மெட்ரோவும் ஓடத் தொடங்கியது. அதைப் பார்க்க அவர் இல்லை.

1954இல் பிம்பிரியில் இந்துஸ்தான் ஆன்டிபயாட்டிக்ஸ் வந்தது. பின்னால் மற்ற ஆலைகள் வந்தன. வேலை தேடி வந்த தமிழர்கள் இந்தப் பக்கத்திலேயே தங்கினார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள்தான் அந்தப் பாயில் உட்கார்ந்தவர்கள். வீட்டில் தமிழ், தெருவில் மராத்தி, பள்ளியில் ஆங்கிலம், சினிமாவுக்கு இந்தி. பேச்சுத் தமிழ் தங்குதடையில்லாமல் வரும். எழுத்தில்தான் தடுக்கும். தேவநாகரியில் நான்கு எழுத்துகள் செய்கிற வேலையைத் தமிழில் ஒரே ‘க’ செய்கிறது. ‘பகல்’ என்று எழுதிக் காட்டினால் எந்தக் ‘க’ என்று கேட்பார்கள். டீச்சரம்மா பதில் சொல்ல மாட்டார். “உங்க பாட்டி எப்படிச் சொல்லுவாங்க? அப்படியே சொல்லு” என்பார். அதைவிட நல்ல இலக்கண விதியை நான் இன்னும் கேட்டதில்லை.

எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகிய பிறகு என்ன படிப்பது? இதுதான் இன்றைய என் பேச்சு. ஒருமுறை சென்னைப் புத்தகக் காட்சியில், பதினைந்து வயதுப் பெண்ணுக்கு நாவல் வேண்டும் என்று கேட்டேன். கடைக்காரர் ஒரு கையில் படக்கதை எடுத்தார், மறு கையில் ‘பொன்னியின் செல்வன்’. அவர்மேல் குறையில்லை. நானே அந்த வயதில் கல்கியைத்தான் படித்தேன், பாடப் புத்தகத்துக்குள் முத்து காமிக்ஸை ஒளித்து வைத்தேன். 1972இல் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கிய அந்த வரிசைதான் எங்கள் தலைமுறைப் பையன்கள் பலரை வாசகர்களாக்கியது. ஆனால் சோழ இளவரசனோ மாயாவியோ, பத்தாம் வகுப்பில் கணக்கில் தோற்ற பிள்ளையின் வீட்டுக்கு வந்ததில்லை.

நம் பாட்டியல் நூல்கள் பருவங்களை எவ்வளவு நுணுக்கமாகப் பிரித்தன! பெண்ணுக்குப் பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை என்று தொடரும் ஏழு பருவங்கள். ஆணுக்குப் பதினைந்து வயதில் திறலோன், பதினாறில் காளை, அதன்பின் விடலை. ஒரே ஓர் ஆண்டுக்குத் தனிப் பெயர் வைத்த மொழி இது. அந்த வயதுக்கென்று ஒரு புத்தக அலமாரியை மட்டும் நாம் வைக்கவில்லை.

அந்த வயதினரைப் பற்றிய எழுத்துக்குப் பஞ்சமில்லை. பூமணியின் ‘வெக்கை’ 1982இல் வந்தது. அதன் நாயகன் சிதம்பரத்துக்குப் பதினைந்து வயது. ஒருவனை வெட்டிவிட்டு அப்பாவோடு காடு மேடாக ஓடுகிறான். பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’யில் ஆடு மேய்க்கும் பிள்ளைகள். கி.ராஜநாராயணனின் ‘பிஞ்சுகள்’ பறவை முட்டை தேடி அலையும் சிறுவனின் கதை. ‘வெக்கை’யையும் ‘கூளமாதாரி’யையும் நாம் பெரியவர்களின் அலமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறோம். பதினாறு வயதுப் பிள்ளை ‘வெக்கை’யைப் படிக்கலாமா என்று என்னிடம் கேட்கும் பெற்றோருக்கு, தாராளமாக என்பேன். கூடவே நீங்களும் படியுங்கள் என்பேன். சாதி பற்றி அந்தப் பிள்ளை கேட்கப்போகும் கேள்விக்கு வீட்டில் ஒருவராவது தயாராக இருக்க வேண்டும்.

பக்கத்து வீட்டு மராத்தியைப் பாருங்கள். பா.ரா.பாகவத் உருவாக்கிய ஃபாஸ்டர் ஃபேணே, புணேவை அடுத்த ஃபுர்சுங்கிப் பையன். சைக்கிளில் சுற்றித் துப்பறிகிறவன். நம் பிள்ளைகளின் மராத்தி நண்பர்களுக்கு அவன் தெரிந்தவன், ஏனெனில் அவன் சைக்கிள் ஓட்டும் தெருக்கள் அவர்களுக்குத் தெரியும். 2004இல் மிலிந்த் போகில் ‘ஷாளா’ எழுதினார். ஒன்பதாம் வகுப்பு முகுந்த் ஜோஷிக்குத் தன் வகுப்புப் பெண் ஒருத்திமேல் காதல். நாவல் முழுக்க அவளை ‘சிரோட்கர்’ என்று குடும்பப் பெயரிலேயே நினைக்கிறான். நண்பர்கள் நால்வரும் கட்டி முடியாத ஒரு கட்டடத்தில் கூடிப் பேசுகிறார்கள். வெளியே நெருக்கடிநிலை நடக்கிறது. அந்தக் காதலைப் போகில் கண்டிக்கவும் இல்லை, கொஞ்சவும் இல்லை. பதினான்கு வயதில் அது எவ்வளவு பெரியதோ அவ்வளவு பெரியதாகவே எழுதியிருக்கிறார்.

தமிழில் அந்த மரியாதையை நான் கண்ட இடம் இரா.நடராசனின் ‘ஆயிஷா’. ஓர் ஆசிரியை தன் அறிவியல் புத்தகத்துக்கு எழுதும் முன்னுரை போல அமைந்த குறுநாவல். கேள்வி கேட்டதற்காக அடிபடும் மாணவி, அடி வலிக்காமல் இருக்கத் தன் உடம்பில் தானே ஒரு வேதிப்பொருளைச் செலுத்திக்கொண்டு இறந்துபோகிறாள். டீச்சரம்மா அதை வாரத்துக்கு ஐந்து பக்கமாக வகுப்பில் வாசித்தார். ஒரு பெண்ணுக்கு அடுத்த ஞாயிறு வரை பொறுக்கவில்லை. புத்தகத்தை வாங்கிக்கொண்டு போனாள். அவள் வேகத்துக்கு எழுத்து ஓடவில்லை. பாட்டியை வாசிக்கச் சொன்னாள். பாட்டி ஐந்தாம் வகுப்போடு நின்றவர். பாதியில் அழுதுவிட்டாராம். மீதியை இந்தப் பெண் எழுத்துக் கூட்டி, பாட்டிக்குப் படித்துக் காட்டி முடித்திருக்கிறாள். அவள் முதன்முதலாகத் தமிழில் படித்து முடித்த பக்கங்கள் அவைதான்.

அண்மைக் காலத்தில் நிலைமை மாறி வருவதை மகிழ்ச்சியோடு சொல்கிறேன். சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய விருது 2020இல் யெஸ்.பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ நூலுக்குக் கிடைத்தது. பிள்ளைகள்மீதான பாலியல் சீண்டலை, பிள்ளைகளுக்கே புரியும்படி பேசிய புத்தகம். 2023இல் அதே விருதைப் பெற்ற உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’, கீழடியை இளையோர் நாவலுக்குள் கொண்டுவந்தது. 2025இல் அந்த விருது விஷ்ணுபுரம் சரவணனின் ‘ஒற்றைச் சிறகு ஓவியா’வுக்குக் கிடைத்தது. தமிழக அரசின் வாசிப்பு இயக்கம், நுழை, நட, ஓடு, பற என்று படிநிலை வைத்துச் சிறு புத்தகங்களைப் பள்ளிகளுக்குக் கொண்டுபோனது. பற என்பதற்கு அப்பால் ஒரு படி வேண்டும். விருது பெறும் நூல்களில் பெரும்பாலானவை பன்னிரண்டு, பதின்மூன்று வயதோடு நின்றுவிடுகின்றன. முதல் காதல், தேர்வில் தோல்வி, குடிக்கும் அப்பா, தன் உடம்பின் மேல் வரும் வெட்கம், நண்பனின் சாதி தெரிந்த நாள் – இவற்றை எழுதினால் பள்ளி நூலகத்தில் வாங்க மாட்டார்கள் என்ற பயம் எழுத்தாளரைவிடப் பதிப்பாளரை அதிகம் பிடித்திருக்கிறது.

நடை பற்றி ஒன்று. பேசத் தெரிந்து படிக்கத் தடுமாறும் பிள்ளைக்கு ‘சென்றனர்’, ‘கூறினாள்’ எல்லாம் கண்ணாடிச் சுவர். கதை அந்தப் பக்கம் தெரியும், கைக்கு எட்டாது. கி.ரா. கரிசல் பேச்சிலேயே கதை சொல்லிக் காட்டினார். கசார்வாடிப் பிள்ளையின் தமிழில் ‘அரே’ வரும், ‘காய் ஜாலா’ வரும். அதைத் திருத்தாமல் அச்சிடுகிற ஒரு நாவல் வேண்டும்.

அதை யார் எழுதுவது? எஸ்.ஈ.ஹின்டன் ‘தி அவுட்சைடர்ஸ்’ நாவலை எழுதத் தொடங்கியபோது அவருக்கு வயது 15. 1967இல் அது வெளியானபோது 18. தன் பள்ளியில் நடப்பதை யாரும் எழுதவில்லை என்பதால் தானே எழுதினார். இளையோர் இலக்கியம் என்ற துறைக்கே அந்த நாவலைத்தான் தொடக்கமாகப் பலர் சொல்கிறார்கள்.

பாட்டிக்கு ‘ஆயிஷா’ படித்துக் காட்டிய பெண்ணுக்கு இப்போது பதினேழு வயது. சென்ற மாதம் கோடு போட்ட நோட்டில் பதினொரு பக்கம் எழுதிக் கொண்டுவந்தாள். நாசிக் பாட்டா மேம்பாலத்துக்குக் கீழே மழைக்கு ஒதுங்கி நிற்கும் இரண்டு பேரோடு தொடங்குகிறது. ஒருத்தி தமிழில் பேசுகிறாள், மற்றவள் மராத்தியில் பதில் சொல்கிறாள். ஒற்று மிகும் இடத்தில் மிகவில்லை, ‘ற’வும் ‘ர’வும் இடம் மாறியிருக்கின்றன. நான் பேனாவை எடுக்கவில்லை. ஒதுங்கி நிற்பவர்கள் யாருக்குப் பயந்து நிற்கிறார்கள் என்று பதினோராவது பக்கம் வரை சொல்லவில்லை. அடுத்த அத்தியாயம் எப்போது என்று கேட்டேன். பரீட்சை முடியட்டும் மாமா என்றாள்.