‘நான் வரமாட்டேன்’



பிப்ரவரி 8ஆம் நாள் புனித ஜோசபின் பகித்தாவின் திருநாள். மனித வணிகத்திற்கு எதிரான செப நாளாகவும் திருச்சபை அதைக் கடைப்பிடிக்கிறது. பகித்தா என்றதும் சங்கிலியும் சாட்டையும் தழும்புகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. அவர் பட்ட துன்பத்தைப் பேசி, அதோடு நிறுத்திவிடுகிறோம். இன்று, அவர் எடுத்த ஒரு முடிவைப் பற்றிச் சிந்திக்க உங்களை அழைக்கிறேன்.

1869ஆம் ஆண்டளவில் சூடானின் தார்ஃபூர் பகுதியில் பிறந்தவர் அவர். சிறு வயதிலேயே அடிமை வணிகர்கள் அவரைக் கடத்திச் சென்றார்கள். அந்த அதிர்ச்சியில், பெற்றோர் வைத்த பெயர்கூட அவருக்கு மறந்துபோயிற்று. பகித்தா என்பது கடத்தியவர்கள் வைத்த பெயர். அரபு மொழியில் அதற்கு ‘அதிர்ஷ்டசாலி’ என்று பொருள்! பலமுறை சந்தையில் விற்கப்பட்டார். ஒரு வீட்டில் அவர் உடலைக் கத்தியால் கீறி, தழும்பு நிலைக்க வேண்டும் என்பதற்காகக் காயங்களில் உப்பைத் தேய்த்தார்கள்.

1883ல் கார்ட்டூம் நகரில் இத்தாலியத் துணைத் தூதர் ஒருவர் அவரை விலைக்கு வாங்கினார். அந்த வீட்டில் அடி இல்லை. 1885ல் அவரோடு இத்தாலி சென்ற பகித்தா, அங்கே வேறொரு குடும்பத்திடம் ஒப்படைக்கப்பட்டார். அவ்வீட்டுக் குழந்தையை வளர்ப்பது அவருடைய வேலை. அக்குடும்பத்தார் அவரை அன்பாகவே நடத்தினார்கள். பகித்தாவும் அக்குழந்தையை உயிராக நேசித்தார். அந்தக் குடும்பத்தின் சொத்துகளைப் பார்த்துக்கொண்ட ஒருவர் அவருக்கு ஒரு சிறிய வெள்ளிச் சிலுவையைக் கொடுத்தார். அதில் தொங்குகிறவர் யார் என்று அப்போது பகித்தாவுக்குச் சரியாகத் தெரியாது. ஆனாலும் அதைப் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

அக்குடும்பத் தலைவர் சூடானில் ஒரு விடுதியை நடத்த, அவருடைய மனைவியும் அங்கே போகவேண்டி வந்தது. குழந்தையையும் பகித்தாவையும் வெனிஸ் நகரிலிருந்த கனோசா சகோதரிகளிடம் அவர் விட்டுச் சென்றார். அங்கேதான் பகித்தா மறைக்கல்வி கற்றார். சின்னஞ்சிறு வயதில் கதிரவனையும் நிலவையும் விண்மீன்களையும் பார்த்து, இவற்றுக்கெல்லாம் தலைவர் யார் என்று வியந்தவர் அவர். அந்தத் தலைவர் தன்னை அறிந்திருக்கிறார், தன்னை மகளாக அன்பு செய்கிறார் என்று இப்போது தெரிந்துகொண்டார்.

1889ல் வீட்டம்மா திரும்பி வந்தார். இருவரையும் சூடானுக்கு அழைத்துச் செல்ல விரும்பினார். பகித்தா, “நான் வரமாட்டேன்” என்றார்.

செய்தி வெனிஸ் நகர முதுபெரும் தந்தையிடமும் அரசு அதிகாரிகளிடமும் சென்றது. 1889ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள் தீர்ப்புக் கிடைத்தது. இத்தாலியில் அடிமைத்தனம் செல்லாது, இப்பெண் எங்கே வாழ்வது என்பதை இவரே முடிவு செய்யலாம் என்றார்கள். பகித்தா சகோதரிகளோடு தங்கினார். 1890 சனவரி 9ஆம் நாள் திருமுழுக்குப் பெற்றார். 1896ல் கனோசா சபையில் வார்த்தைப்பாடு கொடுத்தார்.

அன்பர்களே, தீர்ப்பு பிறகுதான் வந்தது, ‘வரமாட்டேன்’ என்ற சொல் முதலில் வந்தது என்பதைக் கவனியுங்கள். சட்டம் விடுதலை தருவதற்கு முன்பே அவருடைய உள்ளம் விடுதலை அடைந்திருந்தது. அவர் அதை யாரிடம் சொன்னார்? கத்தியால் கீறியவர்களிடம் அல்ல, தனக்குச் சோறு போட்டு, அன்பு காட்டிய அம்மாவிடம். உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்கிறாள் என்று யாரும் பழிசொல்லக்கூடிய நிலை அது. தான் வளர்த்த குழந்தையைப் பிரியும் வேதனை வேறு. அவர்களை நேசித்தேன், ஆனாலும் கடவுளை இழக்க என்னால் முடியவில்லை என்ற பொருளில் அவர் பின்னாளில் நினைவுகூர்ந்தார். கொடியவரை எதிர்க்கத் துணிவு வேண்டும். நம்மை நேசிப்பவரிடம், அவரை வெறுக்காமலேயே மறுத்துச் சொல்ல அதைவிடப் பெரிய துணிவு வேண்டும்.

நம் வீடுகளிலும் பெண்பிள்ளைகளை யாரும் சங்கிலியால் கட்டுவதில்லை. அன்பால்தான் கட்டுகிறோம். “உனக்காக எவ்வளவு பாடுபட்டோம், எங்கள் பேச்சைக் கேட்கமாட்டாயா?” என்கிறோம். மேற்படிப்பா, வேலையா, திருமணமா, துறவறமா என்பதை நாமே முடிவு செய்துவிட்டு, அவள் தலையசைத்ததைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறோம். கணவனை இழந்த பெண் மறுபடி வேலைக்குப் போக நினைத்தால், ஊர் என்ன சொல்லும் என்று தடுக்கிறோம். கெட்ட எண்ணத்தால் அல்ல, பாசத்தால்தான். ஆனால் பாசத்தால் கட்டிய கயிறும் கயிறுதான்.

திருச்சபை இதில் தெளிவாக இருக்கிறது. வற்புறுத்தலாலோ பெரும் அச்சத்தாலோ செய்யப்படும் திருமணம் செல்லாது என்று திருச்சபைச் சட்டம் 1103 கூறுகிறது. வற்புறுத்தலால் நவதுறவகத்தில் நுழைவதும் செல்லாது என்கிறது சட்டம் 643. அதனால்தான் திருமணத்தன்று பீடத்தின் முன் மணமகளிடம், முழு மனச் சுதந்திரத்தோடு வந்திருக்கிறாயா என்று குரு கேட்கிறார். அந்தக் கேள்வியை அவள் முதன்முதலாகக் கேட்பது அன்றுதான் என்றால், வீட்டில் நாம் எங்கோ தவறியிருக்கிறோம்.

நாசரேத்துக்கு வந்த வானதூதரை நினைத்துப் பாருங்கள். அவர் மரியாவின் தந்தையிடமோ யோசேப்பிடமோ அனுமதி கேட்கச் செல்லவில்லை. நேராக மரியாவிடம் வந்தார். மரியா உடனே தலையசைக்கவுமில்லை. இது எப்படி நிகழும் என்று கேட்டார், விடை பெற்றார், அதன் பிறகே ஆம் என்றார். கடவுளே ஒரு பெண்ணின் பதிலுக்காகக் காத்திருந்தார் என்றால், நாம் காத்திருக்கக் கூடாதா?

இளம் சகோதரிகளே, உங்களுக்கும் ஒரு சொல். மனதில் தோன்றும் ஆசை எல்லாம் உள்ளத்தின் வலிமை ஆகிவிடாது. பகித்தா பிடிவாதத்தால் மறுக்கவில்லை. அவருடைய ‘மாட்டேன்’ என்பதற்குள் ஒரு பெரிய ‘ஆம்’ இருந்தது. நீங்கள் எதற்கு ‘ஆம்’ சொல்ல விரும்புகிறீர்கள் என்பதைச் செபத்தில் தேடுங்கள், நம்பத் தகுந்த ஒருவரோடு கலந்து பேசுங்கள். அது தெளிவானால் மறுப்பையும் மரியாதையோடு சொல்ல முடியும். ஒருவேளை, தனியாகச் சொல்லும் நிலையில் நீங்கள் இல்லை என்றால், துணை தேடுவது பலவீனம் அல்ல. பகித்தாவுக்கும் சகோதரிகள் துணை நின்றார்கள்.

அவர் ஸ்கியோ நகர் மடத்தில் பல ஆண்டுகள் சமையல், தையல், வாசல் காக்கும் பணி என்று எளிமையாக வாழ்ந்தார். 1947 பிப்ரவரி 8ஆம் நாள் இறந்தார். இறுதி நோயின் மயக்கத்தில், சங்கிலி கனக்கிறது, தளர்த்துங்கள் என்று கேட்டாராம். அத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தக் காயம் உள்ளே இருந்தது. உள்ளத்தில் வலிமை உள்ளவர்கள் காயமே இல்லாதவர்கள் அல்லர். காயத்தோடும் தங்கள் வழியை அறிந்து நடப்பவர்கள் அவர்கள். 2000ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் நாள் திருத்தந்தை புனித இரண்டாம் யோவான் பவுல் அவரைப் புனிதராக அறிவித்தார்.

இந்த வாரம் நம் வீட்டிலுள்ள ஒரு மகளிடம், ஒரு மருமகளிடம், ஒரு தாயிடம், “உனக்கு என்னம்மா விருப்பம்?” என்று கேட்போம். கேட்டுவிட்டு, அவர் பேசி முடிக்கும்வரை பொறுமையாகக் காத்திருப்போம்.

அன்பின் இறைவா, பகித்தாவின் உள்ளத்தில் நீர் ஏற்றிய ஒளியை எங்கள் பெண்மக்களின் உள்ளங்களிலும் ஏற்றியருளும். அவர்களை நேசிக்கும் எங்களுக்கு, அவர்கள் வழியில் குறுக்கே நிற்காத நல்ல மனதைத் தாரும். ஆமென்.