காக்கை கரைந்தால் விருந்து வருமா?

(ஒரு வாசகசாலை ஆண்டு விழாவில் பேசியதன் சாரம்)



இன்று நான் பேச எடுத்துக் கொண்ட விஷயம், பிராணிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யும் காரியங்களை எண்ணிக் கணக்கிடுவது எப்படி என்பதாகும். இது பெரிய பண்டிதர்கள் சங்கதியாயிற்றே, நமக்கு இதனால் என்ன பிரயோஜனம் என்று சிலர் நினைக்கலாம். ஆனால் நம் வீடுகளில் நடப்பதைச் சற்றுக் கவனியுங்கள். காக்கை கரைந்தால் விருந்து வரும் என்கிறோம். பல்லி சொன்னால் பலிக்கும் என்கிறோம். பூனை குறுக்கே போனால் போகிற காரியம் கெடும் என்கிறோம். இவையெல்லாம் என்ன? ஒரு பிராணி ஒன்றைச் செய்தால் அதற்குப் பின் இன்னது நடக்கும் என்னும் பேச்சுத்தானே? ஆகவே நாமெல்லோரும் இந்தச் சாஸ்திரத்தில் தலையிட்டுக் கொண்டுதான் இருக்கிறோம். எண்ணிப் பாராமல் தலையிடுகிறோம் என்பதுதான் வித்தியாசம்.

ஒரு வீட்டுக்காரர் 100 நாள் கணக்கு எழுதி வைத்தாரென்று ஒரு பேச்சுக்கு வைத்துக் கொள்வோம். அதில் 80 நாள் காக்கை கரைந்தது. 20 நாள் விருந்து வந்தது. விருந்து வந்த அந்த 20 நாளில் 16 நாள் காக்கையும் கரைந்திருந்தது. உடனே அவர் என்ன சொல்வார்? “பார்த்தீரா, 20-க்கு 16 பலித்ததே!” என்பார். ஆனால் காக்கை கரைந்தும் யாரும் வராத நாள் எத்தனை? 64. அதை யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்? கரைந்த 80 நாளில் விருந்து வந்தது 16. அதாவது ஐந்தில் ஒன்று. கரையாத 20 நாளில் விருந்து வந்தது 4. அதுவும் ஐந்தில் ஒன்று! அப்படியானால் காக்கை கரைந்தாலென்ன, கரையாவிட்டாலென்ன?

தோழர்களே, நான்கு கட்டம் போட்டு நான்கையும் எழுத வேண்டும். பலித்த கட்டத்தை மாத்திரம் எழுதி, மற்ற மூன்றையும் மறைத்து வைப்பதுதான் சகுன சாஸ்திரம். அந்த ஒரு கட்டத்தின் மேல்தான் சோதிடரும் புரோகிதரும் மாடி வீடு கட்டிக் கொண்டிருக்கிறார்கள்.

ஒருக்கால் எண்ணிப் பார்த்ததில் இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கிறதென்றே தெரிந்தால்? அப்போதும் அவசரப்படக் கூடாது. பண்டிகை நாளில் வீட்டில் பலகாரம் செய்கிறோம். அந்த வாசனைக்குக் காக்கையும் வரும். பண்டிகைக்கு மாமனும் மச்சானும் வருவார்கள். இரண்டுக்கும் காரணம் அடுப்பே தவிர, காக்கை கொண்டு வந்த தந்தியல்ல. பின்னால் வந்தது என்பது வேறு, அதனால் வந்தது என்பது வேறு.

இனி, ஒன்றன்பின் ஒன்றாக வருபவற்றை எண்ணும் வழியை ஒழுங்குபடுத்தியவர்களில் முக்கியமானவர் ருஷ்ய தேசத்துக் கணித அறிஞர் ஆந்திரேய் மார்க்கோவ். அவர் காலத்தில் நெக்ராசோவ் என்ற மற்றொரு கணிதப் புலவர், வைதிக மடத்துக் கல்வி கற்றவர், ஒரு வாதம் செய்தார். ஒன்றையொன்று சாராமல் தனித்தனியே நடக்கும் காரியங்களில்தான் நிலையான விகிதம் தோன்றும். மனிதர் செய்கைகளில் அவ்விகிதம் தோன்றுவதால் மனிதனுக்குச் சுயேச்சை உண்டென்பது ருசு என்றார். அதாவது, மதத்துக்குக் கணிதத்தைச் சாட்சி கூப்பிட்டார். மார்க்கோவ் 1906-ல் தொடங்கிய தம் ஆராய்ச்சியால், முன்னது பின்னதைத் தொடும் சங்கிலியிலும் அவ்விகிதம் நிலைக்கும் என்று காட்டி, அந்தச் சாட்சியைக் கூண்டை விட்டு இறக்கிவிட்டார். 1912-ல் தம்மை மதத்திலிருந்து விலக்கி வைக்கும்படி அவரே மாதாகோயில் அதிகாரிகளுக்கு மனுப் போட்டார் என்றால், அவர் எப்படிப்பட்டவர் என்று நீங்களே தெரிந்து கொள்ளலாம்.

அவர் 1913-ல் புஷ்கின் இயற்றிய காவியம் ஒன்றை எடுத்து 20,000 எழுத்துக்களை எண்ணினார். உயிரெழுத்து 8,638, மெய்யெழுத்து 11,362. ஆக 100-க்கு 43 உயிர். ஆனால் ஓர் உயிருக்குப் பின் மீண்டும் உயிர் வந்தது 100-க்கு 13 தான். மெய்க்குப் பின் உயிர் வந்தது 100-க்கு 66. முன்னது இன்னதென்று தெரிந்தால் பின்னதைப் பற்றிய எதிர்பார்ப்பு மாறுகிறது. எழுத்துக்குப் பதிலாக ஒரு பட்சியின் செய்கைகளை வைத்துக் கொள்ளுங்கள்: கொத்துதல், சுற்றுதல், இறகு கோதுதல். எதற்குப் பின் எது எத்தனை தரம் என்று கட்டத்தில் எழுதி, சம்பந்தமே இல்லாவிட்டால் எத்தனை வரும் என்பதோடு ஒப்பிட வேண்டியது. முறை இவ்வளவுதான்.

இந்த எண்ணிக்கை நமக்கும் ஒரு பாடம் கற்பித்திருக்கிறது. அதையும் ஒளிக்காமல் சொல்லி விடுகிறேன். 1948-ல் அமெரிக்காவில் ஸ்கின்னர் என்ற அறிஞர், பசித்த 8 புறாக்களைக் கூண்டிலடைத்து, அவை என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் 15 விநாடிக்கு ஒரு தரம் தீனி வரும்படி செய்தார். 6 புறாக்கள் விசித்திரமான வழக்கங்களைப் பிடித்துக் கொண்டன. ஒன்று சுற்றிச் சுற்றி வந்தது. ஒன்று மூலையில் தலையை இடித்தது. தற்செயலாகத் தாம் செய்ததற்குத் தீனி கிடைத்ததென்று கொண்டதால் வந்த மூடநம்பிக்கை போன்றது இது என்றார் ஸ்கின்னர். பகுத்தறிவுவாதிகளுக்குக் கேட்க வேண்டுமா? “பக்தனும் புறாவும் ஒன்றே” என்று மேடைதோறும் முழங்கினோம். நானும் முழங்கியவன்தான்.

ஆனால் 1971-ல் ஸ்டாடன், சிம்மெல்ஹாக் என்ற இருவர் அதே சோதனையை 12 விநாடிக் கணக்கில் மறுபடியும் நடத்தி, எந்த விநாடியில் எந்தச் செய்கை, எதற்குப் பின் எது என்று எழுதினார்கள். தீனி தின்றபின் சிறிது நேரம் சுற்றுதல் முதலியவை வந்தன; அவை புறாவுக்குப் புறா மாறின. தீனி வரும் நேரம் நெருங்கும்போதோ பெரும்பாலும் எல்லாம் கொத்தவே தொடங்கின. முதலில் தீனி வந்தபோதெல்லாம் அவை தீனித் துவாரத்தில் தலையை விட்டுக் கொண்டிருந்தன. தற்செயல்தான் காரணமென்றால் அந்த வழக்கமே நிலைத்திருக்க வேண்டும். அது போய்க் கொத்துதல் வந்தது. ஆகவே தற்செயல் என்னும் விளக்கம் போதவில்லை. நமக்குப் பிடித்த முடிவாயிற்றே என்று அதை விடாமல் பிடித்துக் கொண்டிருந்தால், நமக்கும் காக்கைக்காரருக்கும் என்ன பேதம்?

கடைசியாக ஒன்று. சகுனம் காக்கை பூனையோடு நிற்கவில்லை. புருஷனை இழந்த பெண்ணையும் அந்த ஜாபிதாவில் சேர்த்து விட்டார்கள். அவள் எதிரே வந்தால் காரியம் கெடும் என்று, பெற்ற மகளின் கலியாணத்திலும் தாயைப் பின்கட்டில் நிறுத்துகிறார்கள். அவள் வந்து காரியம் ஆனது எத்தனை, வராமல் கெட்டது எத்தனை என்று எவனாவது எண்ணினானா? ஒரு கட்டத்தைக்கூட எழுதாமல் ஒரு மனுஷிக்கு ஆயுள் தண்டனை விதிக்க யார் அதிகாரம் கொடுத்தது?

ஆகையால் தோழர்களே, நான் சொன்னதையும் நம்ப வேண்டாம். காகிதம் ஒன்றெடுத்து நான்கு கட்டம் போடுங்கள். 100 நாள் எழுதுங்கள். ஆனால் பின்கட்டில் நிற்கும் அந்தத் தாயை முன்னே அழைத்து உட்கார வைக்க 100 நாள் காத்திருக்க வேண்டாம். அதை இன்றைக்கே செய்யுங்கள்.