சிசுக்களைக் கிடத்தும் முறை

(ஐக்கிய நாணய சங்க அங்கத்தினர் கூட்டத்தில் ஐக்கிய இலாகா இன்ஸ்பெக்டர் ஒருவர் செய்த பிரசங்கம்)



தவணை, ஜாமீன், பாக்கி இவைகளைப் பேச வேண்டியவன் குழந்தையைப் படுக்க வைப்பதைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் நினைக்கலாம். சங்கம் ஏற்பட்டதே குடும்ப க்ஷேமத்தின் பொருட்டன்றோ?

இரவில் பாலுண்டு சுகமாய் உறங்கிய சிசு, விடியற்காலையில் உயிரற்றுக் கிடக்கக் காண்பதுண்டு. ஒரு வயதுக்குள், அதிலும் இரண்டு முதல் நான்கு மாதக் குழந்தைகளுக்கே இது அதிகம் நேரிடுகிறது. இதைத் திருஷ்டி என்பதும் தாயைப் பழிப்பதும் பெரும் அநியாயம்.

நியூஸிலாந்து தேசத்தில் 1980-ம் ஆண்டுகளில் இம்மரணங்கள் மிகுதியாயிருந்தன. 1987 முதல் 1990 வரை வைத்தியர்கள் விசாரித்து, குப்புறக் கிடத்துவதும், தாயார் புகை பிடிப்பதும், தாய்ப்பாலின்மையும் அபாயத்தை வளர்ப்பதாகக் கண்டனர். 1991-ல் பிரசாரம் ஆரம்பமாயிற்று. சில வருஷங்களில் மரணங்கள் பாதியளவுக்குக் குறைந்தன. இதற்கு மருந்துமில்லை, பணமுமில்லை.

ஆயினும் மாவோரி ஜனங்களிடம் அவ்வளவு குறையவில்லை. தாயும் சேயும் ஒன்றாய்ப் படுப்பது அவர்கள் வழக்கம்; புகை பிடிக்கும் தாய்மாரும் அதிகம். வழக்கத்தை விடச் சொன்னது பலிக்காமற்போகவே, 2006-ம் வருஷ வாக்கில் 'வஹாகுரா' என்னும், நாரினால் முடைந்த கூடை வந்தது. அது பெற்றோர் படுக்கையின்மேலேயே இருக்கும். சிசு தாயின் கைக்கெட்டும். அவள் உடம்போ போர்வையோ அதன்மேல் விழாது. சீர்திருத்தம் பேசும் என் போன்ற உத்தியோகஸ்தர் கவனிக்க வேண்டிய யுக்தி இது.

நம் பாய் நல்லதே. சமமாயும் உறுதியாயும் இருக்கிறது. தலையணை, பஞ்சு மெத்தை, கனத்த போர்வை மட்டும் குழந்தையின் அருகே வேண்டாம். மல்லாத்தினால் கக்கிய பால் மூச்சை அடைக்கும் என்று பாட்டிமார் அஞ்சுவர். மல்லாந்த நிலையில் மூச்சுக்குழல் மேலும் உணவுக்குழல் கீழும் இருப்பதால், பால் எளிதில் மேலேறிப் புகாது. தூளியில் மோவாய் மார்பில் கவிந்து மூச்சு நெருக்குண்ணலாம். ஆகையால் உறங்கியபின் பாயில் மல்லாத்திக் கிடத்துங்கள்.

ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. பீடி, சுருட்டைக் குழந்தையிருக்கும் வீட்டுக்குள் பற்ற வைக்காதீர்கள். குடித்தவன் சிசுவின் பக்கத்தில் படுக்கவே கூடாது.

அடுத்த கூட்டத்துக்குக் கிராம நர்ஸை அழைக்கப் பஞ்சாயத்தார் தீர்மானிக்கலாம். அன்று பாட்டிமார்களையும் அழைத்து வாருங்கள்; வீட்டில் குழந்தையைக் கிடத்துவது பெரும்பாலும் அவர்கள் கையே.