நா காட்டும் நலம்

திருவனந்தபுரத்து ஆரியசாலையிலும் அதை அடுத்த சாலைக் கடைத்தெருவிலும் தமிழ் வணிகர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றனர். வெற்றிலையோடு புகையிலையையும் வாயில் அடக்கிக்கொண்டு கணக்கெழுதும் வழக்கம் நம்மவரிடையே பழையது. ஆயினும், காலையில் பல் துலக்கும்போது நாவைக் கண்ணாடியில் நோக்குவோர் எத்தனை பேர்?

சித்த மருத்துவரின் எண்வகைத் தேர்வில் நாவும் ஒன்று. இன்றைய மருத்துவமும் அதனைப் புறக்கணிப்பதில்லை. நா வெளுத்திருப்பின் இரத்தச் சோகை இருக்கலாம். வழவழத்துச் சிவந்து எரியின், பி12 முதலிய சத்துகள் குறைந்திருக்கலாம். துடைத்தால் பெயரும் வெண்படலம் பூஞ்சையால் வருவது. நீரிழிவு கட்டுக்கடங்காதபோதும் அது தோன்றும். துடைத்தும் பெயராத வெண்திட்டும், மூன்று வாரமாகியும் ஆறாத புண்ணும் புற்றுநோயின் அறிகுறியாகலாம். தொடக்கத்தில் அது பெரும்பாலும் வலிப்பதில்லை. ஆதலின் நாமும் பொருட்படுத்துவதில்லை.

வாயைப் பார்ப்பதால் உயிர் பிழைக்குமோ எனில், பிழைக்கும். திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996-இல் 13 ஊராட்சிகளில் ஓர் ஆய்வு தொடங்கிற்று. அவற்றுள் ஏழில் பயிற்சி பெற்ற ஊழியர் வீடு வீடாகச் சென்று மக்களின் வாயைச் சோதித்தனர். 2005-இல் வெளியான முடிவின்படி, அங்கே புகையிலையோ மதுவோ பழகியோரிடையே வாய்ப்புற்றால் நேரும் சாவு, ஏனைய ஊராட்சிகளைவிட 34 விழுக்காடு குறைவாக இருந்தது.

வேற்று மொழி வழங்கும் ஊரில் மருத்துவரிடம் நோயை எடுத்துரைக்க நாம் தயங்குவதுண்டு. நாவை நீட்டிக் காட்டுவதற்கு மொழி வேண்டா.