மரத்துப்போதல் என்னும் சொல்: மரபுவழி ரிக்கெட்ஸும் முதுகெலும்பும்



கோலா கிளாவாங் வட்டாரத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். மொழியியலாளன், மருத்துவன் அல்லன். எனினும் இன்று ஒரு நோயைப் பற்றியே பேச வந்துள்ளேன். அந்நோயில் ஒரு சொல் தவறினால் ஒருவர் நடையையே இழக்க நேரலாம்.

ரிக்கெட்ஸ், வைட்டமின் டி குறைவால் குழந்தைகளின் கால் வளையும் நோய் என்று படித்திருக்கிறோம். அந்த வைட்டமினை வழக்கமான அளவில் கொடுத்தும் தீராத ஒரு வகை உண்டென 1937இல் அமெரிக்க மருத்துவர் புல்லர் ஆல்பிரைட் விளக்கினார். எக்ஸ் குரோமோசோமிலுள்ள பெக்ஸ் மரபணுவின் பழுதே இவ்வகையில் மிகுதியாகக் காணப்படும் நோய்க்குக் காரணம் என 1995இல் தெரிந்தது. எலும்புக்கு வேண்டிய பாஸ்பேட்டைச் சிறுநீரகம் வெளியேற்றிவிடுகிறது. நோயுற்ற தந்தையிடமிருந்து மகள்கள் அனைவருக்கும் இது வரும், மகன்களுக்கு வாராது. தாய்க்கு இருப்பின், ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

எலும்பு மென்மையாகும் இதே நோயில், வயது ஏறும்போது முதுகெலும்பைப் பிணைக்கும் நார்கள் சிலருக்கு எலும்பாக இறுகுகின்றன. தண்டுவடம் செல்லும் வழி குறுகுகிறது. கால் மரத்துப்போகும், நடை தள்ளாடும், சிறுநீரை அடக்க இயலாமலும் போகலாம். அந்நிலையில் முள்ளெலும்பின் பின்பகுதியை அகற்றித் தண்டுவடத்துக்கு இடமளிக்கும் அறுவைச் சிகிச்சை தேவைப்படும். காலம் தாழ்த்தினால் இழந்த வலிமை முழுமையாக மீளாது போகலாம்.

மொழி நுழையும் இடம் இதுவே. "காலு மரத்துப் போவுது, நடந்தா பின்னுது" என்கிறார் பாட்டி. உடன்வந்த பேத்தி மருத்துவரிடம் "காக்கி சாக்கிட்" என்கிறாள். 'சாக்கிட்' வலிக்கும் நோய்க்கும் பொதுச்சொல். வலிமாத்திரை கிடைக்கிறது, நரம்பின் முறையீடு வழியிலேயே நின்றுவிடுகிறது. மரத்தலைக் குறிக்க மலாயில் 'கெபாஸ்' என்னும் தனிச்சொல் உண்டு. குறை எந்த மொழியிலும் இல்லை. இரண்டையும் இணைக்கும் பாலத்தில்தான் உள்ளது.

நோயின் பெயரிலும் கவனம் வேண்டும். இதனை 'எலும்புருக்கி' என்று பெயர்த்தால் காசநோயோடு குழம்பும். காசநோயும் முதுகெலும்பைத் தாக்கும். அதற்கு மருத்துவம் வேறு.

ஆசிரியர்களே, குத்தல், குடைச்சல், உளைச்சல், கடுப்பு, மரத்தல் ஆகியவற்றின் வேறுபாட்டை வகுப்பில் கற்பியுங்கள். அவற்றுக்குரிய மலாய்ச் சொற்களையும் உடன் கற்பியுங்கள். மாணவர்களே, வீட்டுப் பெரியவருக்காகப் பேசும்போது அவர் சொன்னதைச் சுருக்காதீர்கள். அவருக்கும் அவர் பெற்றோருக்கும் இளமையில் கால் வளைந்திருந்ததா என்பதையும் கேட்டறிந்து மருத்துவரிடம் சொல்லுங்கள்.