வெட்கமும் நுண்ணோக்கியும்



சென்னையிலிருந்து வடக்கே செல்லும் இரயில், மீஞ்சூரைக் கடந்து அனுப்பம்பட்டில் நிற்கும். அடுத்தது பொன்னேரி. அங்கிருந்து கிழக்கே சென்றால் பழவேற்காட்டு ஏரியும் அதன் மீனவர் ஊர்களும் வந்துவிடும். அப்பகுதியினின்றும் வந்த அம்மையார் ஒருவர் என்னிடம் கூறிய சொற்களை நான் மறக்கவில்லை.

"மீன்கூடை சுமக்கிறவள் மேலே மீன் வாடை வராமல் வேறென்ன வரும், டாக்டரம்மா? நோயென்று நான் நினைக்கவே இல்லை."

பல மாதங்களாக வெள்ளைபட்டு வருந்தியவர், பழியைத் தம் தொழிலின்மேல் சுமத்திவிட்டார். சோப்பினால் உள்ளுறுப்பை அடிக்கடி கழுவியும் வந்தார். அது தீங்கையே வளர்த்தது.

ஏன் என்று கேட்பீர்கள். பெண்ணின் யோனியில் நன்மை செய்யும் பாக்டீரியாக்கள் இயல்பாகவே வாழ்கின்றன. 1892-இல் டோடர்லைன் என்னும் ஜெர்மானிய மருத்துவர் இவற்றை விவரித்தார். லாக்டோபாசிலஸ் எனப்படும் இவை, தயிரைப் புளிக்கச் செய்யும் அதே லாக்டிக் அமிலத்தைச் சுரந்து காவல் புரிகின்றன. இக்காவலர் குறைந்தால் வேறு பாக்டீரியாக்கள் பெருகும். மீன் கெடும்போது உண்டாகும் டிரைமெத்திலமைன் என்னும் பொருள் இந்நோயிலும் உண்டாவதால், வாடையும் ஒத்திருக்கிறது. ஆகவே, மூக்கை மட்டும் நம்பினால் ஏமாறுவோம்.

ஆய்வுக்கூடமோ ஏமாறுவதில்லை. 1983-இல் ஆம்செல் குழுவினர் நான்கு அடையாளங்களை வகுத்தனர்: நீர்த்த, சீரான வெள்ளைக் கசிவு, 4.5-க்கு மேற்பட்ட பி.எச். அளவு, காரத்துளி விட்டதும் எழும் மீன்வாடை, ஓரம் தெரியாதபடி பாக்டீரியாக்கள் ஒட்டிய உயிரணுக்கள். இவற்றுள் மூன்று இருப்பின் நோய் உறுதி. கிராம் என்பார் 1884-இல் வெளியிட்ட சாயமுறையால் கசிவுக்குச் சாயமேற்றி, நுண்ணோக்கியில் கண்டு மதிப்பெண் இடுவதும் உண்டு. 1991-இல் வந்த நியூஜென்ட் முறைப்படி 7 முதல் 10 வரை பெற்றால் நோய் உண்டு.

எவ்வளவு எளிய கருவிகள்! ஒரு தாள், ஒரு துளி காரம், ஒரு நுண்ணோக்கி. ஆயினும் இவை காக்கும் நன்மை பெரிது. இந்நோய் கருவுற்றவர்க்குக் குறைமாதப் பேற்றின் அபாயத்தைக் கூட்டுகிறது, எச்.ஐ.வி. தொற்றுவதற்கும் வழியை எளிதாக்குகிறது. பலருக்கு அறிகுறியே தோன்றுவதில்லை. பூஞ்சையால் வரும் வெள்ளைக்கு மருந்து வேறு. எனவே சோதியாமல் மருந்து வாங்கி உண்பது தவறு.

அந்த அம்மையார் ஏழு நாள் மாத்திரையில் நலமடைந்தார். இந்நோய் அசுத்தத்தின் அடையாளமன்று, ஒழுக்கக்கேட்டின் தண்டனையுமன்று. இதனை உங்கள் அன்னையரிடமும் தமக்கையரிடமும் தயங்காமல் எடுத்துச் சொல்லுங்கள். வெட்கம் விலகினாலன்றி நுண்ணோக்கியால் பயனில்லை.